கெட்டிமேளத்துக்கு மூன்று பெட்டி

கேமரன் மலையில் உள்ள மொத்த ஒயரையும் ஒரு தட்டில் வைத்து, எங்கள் ஒயர் அண்ணன் பையிலிருக்கும் ஒயரை மறு தட்டில் வைத்தால், அண்ணன் தட்டுதான் இறங்கும்.

தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். நிஜப் பெயரைக் கேட்டால் அவர் மனைவியே கொஞ்சம் யோசிப்பார். நான் எஸ்டேட் பள்ளிக்கு வாத்தியாராக வந்த வாரமே லைன் வீட்டுக்குக் கூப்பிட்டார். மேசை மேல் ஒரு குட்டிக் கீபோர்டு, விரலால் தட்டும் ரப்பர் பேடு, திருகு வைத்த பெட்டி. மிடி கன்ட்ரோலராம். மூன்றுக்கும் சொந்தக் குரல் கிடையாது. ஒயர் வழியாகப் போய் ஒரு கைபேசி ஆப்பைப் பாட வைக்கும்.

"ஒரு போன் மூணையும் எப்படிண்ணே தாங்குது?"

"தாங்காது லா சார். போன் சார்ஜைக் குடிச்சிடும். நடுவுல, மூணு ஒயரும் வந்து சேர்ற இந்த ஹப்பைப் போட்டு, அதுக்குத் தனியா கரண்டு குடுக்கணும். சோறு போடாம வேலை வாங்க முடியுமா?"

"எது எந்தச் சத்தம்னு போனுக்கு எப்படித் தெரியும்?"

"லைன் வீட்டுக்கு நம்பர் இருக்குல்ல? அதே மாதிரி. கீபோர்டு ஒண்ணு, நாதஸ்வரம். பேடு ரெண்டு, தவில். பெட்டி மூணு, சுருதி. ரெண்டு வீட்டுக்கு ஒரே நம்பர் போட்டா போஸ்ட்மேன் என்ன செய்வான்?"

எனக்கும் பித்துப் பிடித்தது. பள்ளி விட்டால் அங்கேதான் கிடப்பேன். ஒரு தீபாவளிக்கு ஏழு பெட்டி கோத்தார். ஏழாவதைச் செருகியதும் நாலு வீட்டு விளக்கு அணைந்தது. "பாட்டு கெடக்கட்டும், குழம்பு அடுப்புல இருக்கு, டார்ச்சைக் காட்டுங்க!" என்று அண்ணி கத்தினார்.

என் கல்யாணம் எஸ்டேட் மாரியம்மன் கோயிலில். மழையில், மலைக்கு ஏறிவரும் தாப்பா ரோட்டில் மண் சரிந்து, மேளக்காரர்களின் வேன் பாதி வழியில் மாட்டிக்கொண்டது. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம். போனில் பாட்டுப் போட்டுவிடலாம் என்றார் மாமனார். அம்மா அழுதேவிட்டாள்.

"பாட்டுக்குக் கண்ணு இருக்கா? முடிச்சைப் பார்த்து அடிக்க ஆளு வேணும். மேளம் இல்லாம என் பிள்ளை தாலி கட்ட மாட்டான்!"

ஒயர் அண்ணன் பையோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கோத்து முடித்து, தவிலைச் சோதிக்கப் பேடைத் தட்டினார். நாதஸ்வரம் வீரிட்டது. குருக்களின் நெய்க்கரண்டி ஓமத்தில் விழுந்தது.

"கரண்டை உருவுனதுல எல்லாம் ஒண்ணாம் நம்பருக்குப் போயிடிச்சு சார். பொறுங்க, மாத்திட்டேன்!"

"கெட்டிமேளம்!" என்றார் குருக்கள். தவில் இடியாக இறங்கியது. குளிரும் பயமும் சேர்ந்து என் விரல்கள் மரத்துவிட்டன. முடிச்சு நழுவியது. மறுபடியும் நழுவியது. பாட்டாக இருந்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். அண்ணன் விடவில்லை. ஒரு கை கீபோர்டில், ஒரு கை பேடில். மூன்றாம் முடிச்சு விழுந்த பிறகுதான் கையை எடுத்தார்.

கல்யாண வீடியோவில் எல்லோரும் அட்சதையோடு மணப்பெண்ணைப் பார்க்கிறார்கள். ஒயர் அண்ணன் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு என் விரல்களையே பார்க்கிறார். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அன்றைக்குப் பிறகு அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.