பச்சை விளக்கு டொக்டர்

யட்டியாந்தோட்டையில் அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில்கூட அவ்வளவு கூட்டமில்லை. எல்லாரும் ஹோட்டல் வாசலில் ‘டொக்டர்’ ஜதீஸ்வரனை மொய்த்திருந்தார்கள். எதற்கு டொக்டர் என்று யாரும் கேட்கவில்லை; வெள்ளைக் கோட்டு போதுமானதாக இருந்தது. சாப்பாட்டுப் பட்டியல் எழுதிய பலகைக்கு நேரே அவர் தன் போனைப் பிடிப்பார். உடம்புக்கு ஒவ்வாதது இருந்தால் திரையில் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை. தலைக்கு இருநூறு ரூபாய். போனுக்குச் சந்தனப் பொட்டு வேறு. விஞ்ஞானம் என்றால் சும்மாவா?

வரிசையில் ஒன்பதாவது ஆள் கிருஷ்ணராஜ். தோட்டப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர், பட்டதாரி. எதையும் சோதித்துப் பார் என்று வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளுக்குச் சொல்பவர். ஞாயிறு விடுமுறை. கையைப் பிடித்தபடி ஆறு வயது மகள் அபிஷா. கச்சான், அதுதான் நிலக்கடலை, ஒரு துண்டு உள்ளே போனால் போதும், அவளுக்குத் தொண்டை வீங்கி மூச்சடைக்கும். மனைவி இருந்தவரை நேரே ஹோட்டல் குசினிக்குள் போய்ச் சமைப்பவரிடமே கேட்பாள். அவள் செத்து ஒன்றரை வருடம். கேட்க இவருக்குக் கூச்சம். ஏமாறக் கூச்சமில்லை.

மகளுக்குக் கச்சான் ஆகாது என்று கிருஷ்ணராஜ் சொன்னார். “கோழிக்கறி பச்சை! பயப்பிடாமல் குடுங்கோ, மாஸ்டர்,” என்றார் ஜதீஸ்வரன்.

“கச்சான் இல்லை,” என்று போனும் பெண் குரலில் சொன்னது.

கிருஷ்ணராஜ் உள்ளே போய்ச் சோறும் கறியும் வாங்கிப் பிசைந்தார். முதல் பிடி அபிஷாவின் வாயருகே போனது.

“சேர்! அத வையுங்க!” சமையல்காரர் முக்தார் கரண்டியோடு ஓடிவந்தார். “புள்ளைக்குக் கச்சான் ஆகாதுன்னு வாசல்ல சொன்னீங்களாம், இப்பதான் காதுல விழுந்திச்சு. கொழம்பு தடிக்கக் கச்சான்தான் அரைச்சுப் போட்டீக்கு.”

“போன் பச்சை காட்டிச்சே, முக்தார் நானா...”

“போனா சேர் சமைச்சிச்சு?”

முக்தார் வறுத்த கச்சானை ஒரு கை அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனார். கச்சானோடு சேர்த்து உள்ளங்கையைப் போனின் கமராவில் பொத்தினார்.

“கையை எடும் ஐசே!” என்று ஜதீஸ்வரன் கத்தினார்.

அதற்குள் போன் முந்திக்கொண்டது. பச்சை. “கச்சான் இல்லை.”

கூட்டம் சிரித்தது.

“எங்க மொதலாளி இவருக்கு மாசாமாசம் காசு குடுக்கிறார், அதான் பச்சை. எதிர்க்கடைக்காரர் குடுக்கல்ல, செவப்பு,” என்றார் முக்தார். “நாளையில இருந்து எனக்கு வேற வேலை பாக்கணும்.”

ஜதீஸ்வரன் கோட்டைக் கழற்றிக் கக்கத்தில் செருகிக்கொண்டு அவிசாவளை பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்.

“பாவம், போன்தான் பழசு. புதுசு வாங்கினா சரியா வரும்,” என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

கிருஷ்ணராஜால் சிரிக்க முடியவில்லை. அவரும் இவரும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். அந்த மனிதருக்குப் பட்டம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

யோசிக்கிற வேலையை அடுத்தவன் போனிடம் தாராளமாக ஒப்படையுங்கள், கனவான்களே. மூச்சடைக்கப்போவது உங்கள் பிள்ளைக்குத்தான்.