பன்னீர்ச் செம்பில் ஏறிய குச்சிப்பூச்சி

கல்முனைக்குடி
15.06.1997

பாசத்துக்குரிய மருமகன் றுமைஸ் அவர்களுக்கு, மாமா மீராசாஹிபு ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் உதவியால் இங்கு எல்லாரும் சுகம். நீங்கள் வளர்க்கத் தந்த குச்சிப்பூச்சிகள் எங்களை விடச் சுகம்.

பேராதனைக்குப் படிக்கப் போகும் மருமகன்மார் மாமா வீட்டில் சாரனையும் சைக்கிளையும் விட்டுப்போவார்கள். நீங்கள் ஒரு வலைப்பெட்டியும் பதினொரு பூச்சியும் விட்டுப்போனீர்கள். பெரிய மனசு. கொய்யா இலைதான் தின்னும் என்றீர்கள். மரத்தில் இப்போது காய் மட்டும் நிற்கிறது. தலைகீழாகத் தொங்கித் தோல் கழற்றும், பெட்டியை அசைக்காதீர்கள் என்றீர்கள். கதவைக்கூட ஓசைப்படாமல் சாத்துகிறோம். அடியில் விதைபோலக் கிடந்தவற்றை உங்கள் மாமி கூட்டி அள்ளப்போனார். அவை முட்டை, இவை எல்லாம் பெட்டை, ஆணே இல்லாமல் குஞ்சு வரும் என்று நீங்கள் எழுதிவைத்த கடதாசியை வாசித்துக் காட்டினேன். "அப்ப இதுகளுக்குச் சீதன வீடும் கட்டத் தேவல்ல, குடுத்துவெச்சதுகள்" என்றார். மூத்தவளோடு உங்களுக்கு ஒரு வீடு கட்டித் தந்து, இளையவள் சிபானாவின் வீட்டுக்கு இப்போதுதான் ஓடு போட்டு முடித்த நான் கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

தினமும் தண்ணீர் தூவச் சொன்னீர்கள், எதைக்கொண்டு தூவுவது என்று சொல்லவில்லை. நான் பன்னீர்ச் செம்பில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றித் தூவினேன். வெள்ளிக்கிழமை அக்கரைப்பற்றிலிருந்து சிபானாவைப் பெண் கேட்டு வந்தார்கள். இந்தச் சம்பந்தமும் தவறினால் வேறு இடம் தேட எனக்குத் தெம்பில்லை. உங்கள் மாமி, பெட்டிக்குள் நான் மறந்து வைத்த செம்பை அவசரமாக எடுத்து, வாசலில் மாப்பிள்ளையின் உம்மாவுக்குத் தெளித்தார். கிணற்றுத் தண்ணீரோடு, செம்பின் கழுத்தில் தொங்கிய பூச்சி ஒருத்தியும் அந்த மனுசியின் முக்காட்டில் விழுந்தாள். வழக்கம்போல அவள் செத்த குச்சியாகக் கிடந்தாள். தட்டிவிடக் கை வைத்ததும் நடந்தாள். "என்னகா இது! தடி நடக்குது!" வட்டிலப்பம் தொடாமல் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். அந்தப் பூச்சி எங்கே போனதென்றும் தெரியவில்லை. மற்றப் பூச்சிகள் நன்றாகச் சாப்பிடுகின்றன. சிபானா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. எனக்கு நெஞ்சு எரிகிறது, மருமகன்.

ஆகவே கடிதம் கண்டதும் முதல் பஸ்ஸில் வந்து இவற்றை எடுத்துப்போங்கள். இல்லாவிட்டால் கோழிகளைத் திறந்து விடுவேன். உங்கள் படிப்புக்கு ஐந்து நேரத் தொழுகையிலும் துஆ கேட்கிறோம், புத்திக்கும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
மாமா மீராசாஹிபு

பி.கு.: கடிதத்தை ஒட்டமுதல் அக்கரைப்பற்றிலிருந்து ஆள் வந்தது. காணாமல்போன பூச்சி அந்த மனுசியின் கைப்பைக்குள் இருந்ததாம். பேரப்பிள்ளைகள் அதைக் கையை விட்டு இறக்குவதில்லையாம். அந்த மனுசியே கொய்யா இலை பறித்துக் கொடுக்கிறாராம். சம்பந்தம் சரி, அல்ஹம்துலில்லாஹ், சிபானா சோறு தின்றாள். ஆனால் சீதன வீட்டோடு இன்னும் ஐந்து பூச்சி கேட்கிறார்கள். பெட்டிக்குள் தோல் கழற்றும்போது கால் போன சின்னப் பூச்சிக்கு இப்போதுதான் புதுக்கால் முளைக்கிறது. வீட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். பூச்சியைத் தரமாட்டேன், நீங்களும் அந்தப் பஸ்ஸில் ஏற வேண்டாம்.