தேங்காய் கேக் திருடனுக்கு ஏற்ற தோட்டா

மேப்பிள் ஹாலோ, மிசௌரி
வெள்ளிக்கிழமை காலை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் ஹோலிஸ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வெல்டாவின் கணவன் ஆர்வில் எழுதிக்கொள்வது. நானும் என் முழங்காலும் கிழட்டு நாய் பிஸ்கட்டும் இங்கே ஒருவாறு சுகம். அங்கே நீங்களும் ஐரீன் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். டாக்டர் உங்களுக்கு இனிப்பை அடியோடு நிறுத்திவிட்டார் என்றும், ஐரீன் அக்கா சர்க்கரை டப்பாவைப் பூட்டியே வைத்திருக்கிறார் என்றும், நீங்கள் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் கட்டுப்பாடாக இருக்கிறீர்கள் என்றும் கேள்விப்பட்டு, இந்த வயதில் இப்படி ஒரு மன உறுதியா என்று அசந்துபோனேன். பன்னிரண்டு மைல் தூரத்துக்கு எதற்குக் கடிதம், போன் செய்யக்கூடாதா என்பீர்கள். போனை எடுப்பது ஐரீன் அக்கா. அவர் எடுத்தால், நான் பேசி முடிப்பதற்குள் வெல்டாவுக்குச் செய்தி வந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கை சூட்கேஸில் துணிமணிகளை அடுக்கி முன்கதவு ஓரமாக வைத்திருக்கிறாள். மூன்று வாரமாக அது அங்கேயே நிற்கிறது. நாளுக்கு இரண்டு தடவை நான் அதில் தடுக்கிக்கொள்கிறேன். நாற்பத்தொரு வருஷக் குடித்தனம், மச்சான். இதற்கெல்லாம் காரணம், நான் மின்சார மீட்டர் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று நீங்கள் பரிசாகக் கொடுத்தீர்களே, அந்த ரைஃபிள்.

நாங்கள் புதன்கிழமை சாயங்காலம் சர்ச்சில் சாப்பாட்டுக்கும் ஜெபத்துக்கும் போவது உங்களுக்குத் தெரியும். போன மாதம் ஒரு புதன்கிழமை திரும்பி வந்து பார்த்தால், வெல்டா சுட்டு வைத்திருந்த தேங்காய் கேக்கில் ஒரு பெரிய துண்டு இல்லை. பூட்டில் ஒரு கீறல் கிடையாது. பின்படியில் சிமெண்டுத் தவளைக்கு அடியில் மாற்றுச் சாவி வைத்த இடத்திலேயே இருக்கிறது. பிஸ்கட் குரைத்ததாக அக்கம்பக்கத்தில் யாரும் சொல்லவில்லை. தின்ற முள்கரண்டியைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அவ்வளவு நெஞ்சழுத்தம்! இவன் கைதேர்ந்த ஆள் என்று முடிவு கட்டி, அலமாரியிலிருந்து ரைஃபிளை எடுத்தேன். வெல்டா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கரண்டியக் கழுவி வெச்சுட்டுப் போற மனுசனையா சுடப் போறீங்க? நாப்பத்தொரு வருசத்துல நீங்க ஒரு கரண்டி கழுவிருக்கீங்களா?"

"இன்னிக்கு கேக்கு, நாளைக்கு நம்ம உசுரு" என்றேன்.

"சரி. தோட்டா வாங்குங்க, வேணாங்கல. ஆனா நீங்க சுட்டா அது எங்க போய் நிக்கும்னு சொல்லிட்டு அப்புறமா வீட்டுக்குள்ள கொண்டாங்க. பதில் தெரியாம ஒண்ணு உள்ள வந்துச்சு, நான் வெளிய போயிருவேன்." சொன்ன கையோடு சூட்கேஸைக் கட்டிவிட்டாள்.

கேட்டதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது, ஆகவே கடைத்தெருவில் கேலன் வைத்திருக்கும் துப்பாக்கிக் கடைக்குப் போய், வீட்டுக் காவலுக்கு ஒரு பெட்டி தோட்டா கொடப்பா என்றேன், ஒரு வார்த்தைதான் சொன்னேன், கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். முழுக்கச் செம்பு உறை போட்டதுதான் விலை குறைவு, அதை எடுங்கள் என்றார் ஒருவர். அது திருடனைத் துளைத்து, சுவரைத் துளைத்து, பக்கத்துத் தெருவுக்கும் போகும் என்றார் இன்னொருவர். நுனியில் குழி வைத்தது, நுனியில் ஈயம் தெரிவது, அணில் பெருச்சாளிக்குப் போடுகிற லேசான ரகம் என்று மேசை முழுக்க அடுக்கிவிட்டார்கள். தூண்டில் புழு வாங்க வந்த ஒரு ஆள் புழு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு இருபது நிமிஷம் பேசினார். கடைசியில் கேலன் என் காதருகே குனிந்தான்.

"அண்ணே, இவனுங்க ஒருத்தனும் வீட்டுக்குள்ள சுட்டதே கிடையாது. நானும் சுட்டதில்ல. மூணு ரகம் தர்றேன், நீங்களே சுட்டுப் பாத்து எனக்கும் சொல்லுங்க."

அதனால் எங்கள் பின்பக்கத்து லானியின் மேய்ச்சல் நிலத்தில், மண்மேட்டுக்கு முன்னால், ஜிப்சம் பலகைகளை நிறுத்தி எங்கள் வீட்டைப் போலவே சுவர் சுவராகக் கட்டினோம். ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலும் காலிப் பால் கேனில் தண்ணீர் நிரப்பி வைத்தோம். அங்கேதான் பிசகு. வேடிக்கை பார்க்க வந்த வெல்டா ஒரு மை பேனாவை எடுத்து, முதல் கேனில் தன் பெயரையும், இரண்டாவதில் பிஸ்கட்டின் பெயரையும், மூன்றாவதில் எதிர்வீட்டு மெர்ல் பெயரையும் எழுதிவிட்டாள். செம்பு உறை போட்டது வெல்டாவையும் பிஸ்கட்டையும் மெர்லையும் துளைத்துக்கொண்டு மண்மேட்டில் புதைந்தது. குழி வைத்தது மெர்லை விட்டுவிட்டது. லேசான ரகம் முதல் சுவரையும் வெல்டாவையும் துளைத்ததோடு பொடிப்பொடியாக உடைந்துபோனது, நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. நான் சந்தோஷத்தில் குதித்தேன். வெல்டா தன் கேனுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மூணு ரகத்துலயும் நான் ஒழுகிட்டேதான் இருக்கேன், பாத்தீங்களா?"

லானி சிரித்த சிரிப்பில் அவனுடைய மாடுகள் வேலியோரம் ஒதுங்கின.

முப்பத்து நாலு வருஷம் வீடு வீடாக அளவு பார்த்தவன் நான், இதில் தோற்றுப்போவேனா? வீட்டுக்கு வந்து, என் சாய்வு நாற்காலியில் வெல்டாவின் ரோஸ் நிறக் கம்பளி நூலைக் கட்டி, எந்தப் பக்கம் சுட்டால் எங்கே போகும் என்று ஒவ்வொரு திசையாக இழுத்துப் பார்த்தேன். முன்பக்கம் மெர்லின் சமையலறை. வலது பக்கம் அவருடைய கேஸ் தொட்டி. பின்பக்கம் எங்கள் படுக்கையறை. சமையலறைப் பக்கம் ஒன்றுதான் உருப்படி, அங்கே சுவரை ஒட்டி மான்கறி நிரம்பிய பெரிய ஃப்ரீசர் இருக்கிறது, அதற்கப்பால் வெறும் மலைச்சரிவு. ஆக, திருடன் ஃப்ரீசருக்கு நேர் எதிரே வந்து நின்றால் யாருக்கும் ஆபத்தில்லை. அவன் நிற்க வேண்டிய இடத்தில் குளியலறையிலிருந்த பச்சைக் கம்பளத்தை எடுத்துப் போட்டேன். அவனாக வந்து நிற்பானா என்று வெல்டா கேட்டாள். கேக்கை அதற்குப் பக்கத்து மேசைக்கு மாற்றி வைத்தேன்.

போன புதன்கிழமை, ஆளின் உயரம் தெரிந்தால் குறி வைக்க வசதி என்று, லானி மானுக்காக மரத்தில் கட்டுகிற கேமராவை வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போனோம். வந்து பார்த்தால், இந்தத் தடவை இரண்டு துண்டு! கேமராவிலிருந்து படத்தை எடுக்கும் வித்தை எனக்குத் தெரியாது, லானி கொண்டுபோயிருக்கிறான். வரும் புதன்கிழமை தலைவலி என்று சொல்லி சர்ச்சுக்குப் போகாமல், விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்காரப் போகிறேன். லேசான ரகத்தில் ஒரு பெட்டி கேலனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் சூட்கேஸ் கிளம்பிவிடும். கொண்டுவராவிட்டால் கேக் போய்க்கொண்டே இருக்கும். உங்கள் பேச்சுக்குத்தான் அவள் மரியாதை கொடுப்பாள். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை தாங்கள் அவசியம் வந்து, ஒரு ஆண்பிள்ளை தன் வீட்டைக் காப்பது தப்பில்லை என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் காப்பதற்கு என்ன இருக்கிறது, மச்சான்? அதையும் அவளிடம் சொல்லுங்கள், எனக்குச் சொல்ல வரவில்லை.

ஐரீன் அக்காவுக்கு என் வணக்கம். ஆண்டவர் உங்கள் சர்க்கரையைக் குறைத்து ஆயுளைக் கூட்டட்டும்.

என்றும் தங்கள் மைத்துனன்,
ஆர்வில்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் லானி படங்களோடு வந்தான். மொத்தம் ஏழு. முதல் ஆறில் எங்கள் பிஸ்கட் வாலை ஆட்டிக்கொண்டு யாரையோ அண்ணாந்து பார்க்கிறது. ஏழாவதில் அந்த யாரோ இருக்கிறார். தலையில் பழுப்புத் தொப்பி, கையில் கேக் தட்டு, கன்னமெல்லாம் தேங்காய்த் துருவல், இரண்டு காலும் பச்சைக் கம்பளத்தின் நட்டநடுவில். மச்சான், நீங்கள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

வெல்டா படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மேசையில் தலை வைத்து அழுதாள். நான் ஒரே நாளில் தோட்டா வாங்கி முடிக்கிற சாமர்த்தியசாலியாக இருந்திருந்தால், நீங்கள் கொடுத்த ரைஃபிளாலேயே உங்களை... அது எங்கே போய் நிற்கும் என்று அவள் கேட்டாளே, அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. உங்கள் சட்டையின் மூன்றாவது பொத்தானில்.

கேலனிடம் பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கம்பளம் குளியலறைக்குப் போய்விட்டது. சூட்கேஸை வெல்டா பிரித்து அடுக்கிவிட்டாள். இன்று காலைச் சாப்பாட்டுக் கரண்டிகளை நானே கழுவினேன். ஞாயிற்றுக்கிழமை முன்கதவு வழியாக வாருங்கள், மணி அடியுங்கள், கேக் இருக்கும், மெலிசாக ஒரே ஒரு துண்டு.

ஒரு விஷயம் மட்டும் என் கையை மீறிவிட்டது. வெல்டா அந்த ஏழாவது படத்தை ஒரு உறையில் போட்டு, ஐரீன் அக்கா பெயருக்கு, இன்றைய தபாலிலேயே அனுப்புகிறாள். இந்தக் கடிதமும் அதே தபாலில்தான் வருகிறது. உங்கள் தபால் பெட்டியை முதலில் திறப்பது நீங்களாக இருக்க வேண்டும் என்று ஜெபித்துக்கொள்கிறேன்.