கமலாத்தாள் வீட்டுப் பச்சைக் கதவு

"ஏனுங்க சார், உழுந்த மூலையவே காணமுங்களே?" என்றாள் கமலாத்தாள்.

பஞ்சாயத்து செக்ரட்டரி யக்ஞநாராயணன் படத்தை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். நடுவில் அவள் வீட்டுப் பச்சைக் கதவு பளிச்சென்று இருந்தது. சுற்றிலும் வட்டமாகக் கும்மிருட்டு. மழையில் விழுந்த சுவர் அந்த இருட்டுக்குள் எங்கேயோ கிடந்தது.

"தெரியலையேம்மா. தெரியாத சுவருக்கு நிவாரணம் எப்படிச் சிபாரிசு பண்றது?"

படம் எடுத்த இர்பானுக்கு எரிச்சலாக வந்தது. சித்தூருக்குக் கிழக்கே உள்ள அந்தப் பஞ்சாயத்துக்கு அவன்தான் ஒப்பந்த போட்டோகிராபர். தப்பு அவனுடையதல்ல, கேமராவுடையது. அரசாங்க கௌரவத்தை முன்னிட்டுப் படம் பதியும் சென்சார் பெரிதாக உள்ள கேமரா பாடி வாங்கினார்கள். சிக்கனத்தை முன்னிட்டுச் சின்ன சென்சாருக்குச் செய்த லென்ஸ் வாங்கினார்கள். லென்ஸ் மாட்டும் மவுண்ட் இரண்டுக்கும் ஒன்றுதான், டக்கென்று மாட்டிக்கொண்டது. மாட்டிவிட்டதால் பொருத்தம் என்று கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்தது. லென்ஸ் விடும் வெளிச்சம் சென்சாரின் மூலைக்கு எட்டவில்லை என்பது தீர்மானத்தில் வரவில்லை.

"சார், கிராப்னு ஒரு செட்டிங் இருக்கு. சென்சாரோட நடுப்பாகம் மட்டும் வேலை செய்யும். கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்தா முழு வீடும் வெளிச்சமா வரும்."

"மீதி சென்சார்?"

"சும்மா இருக்கும் சார்."

"முழுசுக்கும் கஜானாப் பணம் கொடுத்திருக்கு. பாதியைச் சும்மா வெச்சா ஆடிட்ல என்னையன்னா கேப்பா?"

"கிராப் வேண்டாம், தள்ளியாவது நிக்கிறேன்."

"வீடு படம் முழுக்க நிறையணும். சர்க்குலர் இருக்கு."

"அப்ப உழுந்த மூலைய நடுவுல வெச்சு எடுக்கறேன்."

"நடுவுல வாசற்கதவு வரணும். அதுவும் சர்க்குலர்தான்."

கமலாத்தாள் படத்திலிருந்த கதவைத் தொட்டுக் காட்டினாள். "கதவு நடுவுல வந்தாப் போதுமுங்களா?"

"போதும்."

அன்று சாயங்காலமே அவளும் இர்பானும் கதவைக் கழற்றி, விழுந்த சுவர்மேல் சாய்த்தார்கள். படத்தில் கதவு நடுவே கம்பீரமாக நின்றது. அதைச் சுற்றி மண்ணும் உடைந்த ஓடும். அதற்கப்புறம் இருட்டு.

"சகல நிபந்தனையும் பூர்த்தியாயிடுத்து," என்று செக்ரட்டரி கையெழுத்துப் போட்டார்.

அடுத்ததாக, அதே மழையில் சுவர் இடிந்த மொக்கையன் தன் வீட்டுக் கதவைக் கழற்றி வந்தான். அவன் படம் திரும்பி வந்தது. அவன் கதவு நீலம், அங்கீகரிக்கப்பட்டது பச்சை. வேறு வழியில்லாமல் பச்சைக் கதவு ஊர்வலம் கிளம்பியது. இடிந்த வீட்டுக்கெல்லாம் பிக்கப் வண்டியில் போய்ச் சாய்ந்துவிட்டு வந்தது. ஒரே மாதிரிக் கதவு வைத்த ஒழுங்கான கிராமம் என்று மேலிடம் பாராட்டியது. இருட்டு வட்டம் இல்லாத படம் செல்லாதாம் என்று ஊருக்குள் பேச்சாகி, கல்யாண ஆல்பத்திலும் வட்டம் கேட்டார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் தெரிந்தார்கள். சொந்தபந்தம் இருட்டில் சிரித்தது.

கமலாத்தாளுக்கு நிவாரணம் வந்தது, சுவரும் எழுந்தது. வாசலில் மட்டும் சேலையைத் தொங்கவிட்டிருந்தாள்.

"ஏந்தம்பி, நாயி உள்ள வந்து சோத்துச் சட்டிய உருட்டுது. என்ற கதவக் கொண்டாந்து மாட்டுங்க."

செக்ரட்டரியும் சொன்னார்: "இன்னிக்கே கொண்டுபோய்க் கொடுத்துடு, இர்பான்."

இர்பான் கதவை வண்டியில் ஏற்றினான். வழியில்தான் அவன் வீடு. சுவர் கல்லுமாதிரி நின்றது, ஒரு கீறல் இல்லை. ஆனால் கதவைச் சாய்த்து, அடியில் நாலு உடைந்த ஓட்டைப் போட்டால் மீதியை இருட்டு பார்த்துக்கொள்ளும். கதவை இறக்கினான். படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு அஷ்ரஃப் நாலு உடைந்த ஓட்டோடு வந்து நின்றார். அவர் சுவரும் விழவில்லை. அவருக்குப் பின்னால், தன் பங்கு உடைந்த ஓட்டோடு பஞ்சாயத்து பியூன்.

கதவைக் கமலாத்தாள் வீட்டில் மாட்டச் சொல்லியிருந்தார்கள். இர்பான் மாட்டவில்லை.