செதில் பார்த்து இனம் சொல்பவர்

நோர்வே இதுவரை கண்ட பேரறிஞர்கள் இருவர். ஒருவர் காலமாகிவிட்டார், பெயர் நினைவில்லை. மற்றவர் ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடியில் வசிக்கும் என் மைத்துனர் தில்லைநாதன்.

2009இல் இங்கே வீட்டில் பாம்பு வளர்ப்பது குற்றம். அறிவியலுக்குச் சட்டம் ஏது? படுக்கையறைக் கண்ணாடித் தொட்டிகளில் அமெரிக்க 'அரசப்பாம்புகள்' மூன்றை இரகசியமாக வளர்த்தார். பெயர்தான் அரசன், துளி நஞ்சில்லை. கறுப்பும் வெள்ளையும் வளையமிட்டால் கலிபோர்னியா. கறுப்புச் செதில்தோறும் மஞ்சள் பொட்டு இருந்தால் புள்ளியன். முழுக் கறுப்பென்றால் மெக்சிகோ. பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். இவர் செதிலையும் அறிந்தார்.

"கலிபோர்னியாவையும் புள்ளியனையும் சோடி சேத்திருக்கிறன், மச்சான். எல்லாம் ஒரே இனந்தானே? கலந்தாத்தான் வடிவு!"

இந்தச் சமத்துவத்தைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது.

அந்த ஞாயிறு, அவர் மகள் கம்சிகா தான் கட்டப்போகும் கவிசனை அழைத்துவந்தாள். சாதியை வாய்விட்டுக் கேட்பது அநாகரிகம். ஊரைக் கேட்பதே மரபு. மைத்துனர் சோபாவில் சாய்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

"தம்பி ஊரிலை எவ்விடம்?"

"ஹம்மர்பெஸ்ட், அங்கிள். அங்கைதான் பிறந்தனான்." நோர்வேயின் வடகோடி ஊரைச் சொன்னான் கவிசன்.

"ஹம்மர்பெஸ்டிலை எந்தப் பக்கம்?"

"கடற்கரைப் பக்கம்."

மைத்துனர் என்னை அர்த்தத்தோடு பார்த்தார். 'ஆய்வு' சூடுபிடித்தது.

"அப்பா என்ன செய்தவர்?"

"பக்டரியிலை மீன் வெட்டினவர்."

"பாத்தியே, மச்சான்!"

"வந்த புதிசிலை நானும் நீயும் அங்கைதானே மீன் வெட்டினனாங்கள்?" என்றேன்.

"நாங்கள் வெட்டினது சம்பளத்துக்கு. இவையள் வெட்டினது பரம்பரையா!"

கவிசனின் முகம் சிவந்தது. கம்சிகா எழுந்தாள்.

"பாம்பு மட்டும் ஒரே இனமோ, அப்பா?"

"பாம்புக்குச் சொந்தபந்தம் இல்லைப் பிள்ளை. நாளைக்கு ஆரும் வந்து கேக்க மாட்டினம். இந்தக் கலியாணம் நடவாது."

எவ்வளவு நுட்பமான வகைப்பாடு! அதன் அருமை விளங்காமல் அவள் கவிசனின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். படியில் நின்றே பொலிசுக்குப் போன் அடித்தாளாம்: "எங்கடை வீட்டிலை ஒரு ஆபத்தான பாம்பு இருக்கு."

பொலிசார் வந்தார்கள். அறை அறையாகத் தேடினார்கள். என்ன இருந்தாலும் அவர்களுக்கு என் மைத்துனரின் புலமை வராது. நஞ்சில்லாத மூன்றையும் பிடித்துக்கொண்டு, சோபாவில் இருந்ததை விட்டுவிட்டுப் போனார்கள்.