சுவாமியார் உப்புப் போட்ட கிணறு

சேசு மரி சூசை காவல்

மன்னார்த் தீவு, தென்கரை
1932 ஆவணி, மாதா திருநாள் கழிந்த புதன்

கொழும்புக் கந்தோரில் கதிரை போட்டு இருந்து உத்தியோகம் பார்க்கும் பாக்கியம் பெற்ற அருமை மருமகன் பெனடிக்ற் அறிய, உம்முடைய தாய்மாமன் வஸ்தியாம்பிள்ளை எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாம் சுகம், தண்ணீரைத் தவிர. அவ்விடம் தண்ணீர் முதலாய்ச் சகலமும் சுகமாயிருக்கச் செபிக்கிறேன்.

நிற்க. உம்மட பெண்சாதி றஞ்சிதத்துக்கு இது நிறைமாதம், போன மாரியில் கருவாடு போடுற யாகப்பற்ற இரண்டு பிள்ளைகளையும் வயிற்றோட்டம் கொண்டுபோனதுபோல என்ட பிள்ளைக்கும் வரக்கூடாது, பிள்ளை பிறக்கமுன்னம் ஊர்க்கிணற்றைத் துப்பரவாக்காவிட்டால் அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போவேன் என்று எழுதியிருந்தீர். வாசித்த அன்றைக்கே சுகாதாரத் தொண்டர் சங்கம் தொடங்கினேன். நான் தலைவர். மற்ற ஆக்கள் எல்லாம் டொமினிக். அவன் ஒருத்தன்தான் வந்தவன், ஆனால் அவன்ட தோளைப் பார்த்தால் பத்துப்பேர் மாதிரி.

முதலில் கோயில் காணிக்குப் பின்னால் ஒரு கக்கூஸ் கட்டினோம். தகரக் கூரை, பலகைக் கதவு, பூட்டு. கவர்னர் துரைக்கே இப்படி ஒன்று இல்லையென்று கேள்வி. மறுநாள் போய்த் திறந்தால் உள்ளுக்கு நிலத்திலிருந்து முகடுமட்டும் கருவாடு! "யாகப்பர், இதென்ன வேலை?" என்று கேட்டனான். "அண்ணை, இந்த ஊரில பூட்டுள்ள கட்டடம் இது ஒண்டுதான். இதுக்குள்ள போய்க் குந்தச் சொல்லுறியளே, உங்களுக்கு மனச்சாட்சி இல்லையோ?" என்கிறான். சனம் பழையபடி தாழம்பற்றைக்குத்தான் போகுது. எனக்கு மனம் விட்டுப்போச்சு.

ஆனாலும் கிணறு இருக்கே என்று மனதைத் தேற்றிக்கொண்டு அதில் இறங்கினோம். அயலூர் எருக்கலம்பிட்டி முஹைதீன் தன்ட வண்டியில கடல் முருகைக்கல் ஏற்றிவந்து சும்மா பறித்துத் தந்தான், டொமினிக் சேறு அள்ளினான், நான் அரிப்புக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த நாளில் துரைமாருக்கே ஆழம் பார்த்துச் சொன்ன அனுபவத்தோடு மேலே நின்று கட்டளை கொடுத்தேன். ஆடு நாய் விழாமல் சுற்றிவரக் கட்டு எழும்பிச்சுது. எட்டிப் பார்த்தால், ஐயோ, அடி தெரியுது! அடி தெரிகிற கிணற்றை ஞாயிற்றுக்கிழமை பங்குச் சுவாமியார் வந்து மந்திரிக்கேக்க காட்டலாமோ? "இன்னும் வெட்டடா டொமினிக்" என்றேன். உம்மட அம்மா, என்ட அருளம்மா அக்கா, ஓடிவந்து கத்தினவ: "தம்பி, நிப்பாட்டு! எங்கட மண்ணில நல்ல தண்ணி மேலாலதான் நிக்குது, அதுக்குக் கீழ முழுக்கக் கடல். உனக்குத் தெரியாதோ?" தெரியும் மருமகன், இந்தத் தீவில முலைகுடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தலைவர் சொன்ன சொல்லை ஊர் பார்த்திருக்க மாற்றலாமோ? இரண்டு முழம் வெட்டினோம். தண்ணி குபுகுபுவென்று வந்துது பாரும், பாற்கடல்தான்!

ஞாயிறு பூசை முடியச் சுவாமியார் வந்தார். வழமைப்படி செபஞ்சொல்லி, மந்திரித்த உப்பில் ஒரு சிட்டிகை கிணற்றில் போட்டு, முதல் வாளியில் தானே குடித்தார். முகம் ஒருமாதிரிப் போச்சு. ஆனால் குருவானவர் துப்பலாமோ, விழுங்கிப்போட்டு, "ஆசீர்வாதமான தண்ணீர்" என்றார். அடுத்ததாய் முஹைதீன் குடித்தான், உடனே துப்பினான். "அண்ணே, இதுக்கெதுக்கு இவ்வளவு பாடு? அந்தா கடல் கிடக்கே, அதைச் சுத்திக் கட்டியிருக்கலாமே!" சனம் சிரிச்ச சிரிப்பு இன்னும் என்ட காதுக்குள்ள. எனக்கு அந்த நேரத்தில் புத்தி மின்னலாய் வேலை செய்தது. "சுவாமியாற்ற கை இண்டைக்குக் கொஞ்சம் தாராளம், உப்புக் கூடிப்போச்சு, ரெண்டு கிழமையில கரைஞ்சு போயிடும்" என்று சொன்னேன். நம்பினதுகள்! இப்ப பெண்டுகள் சுவாமியாருக்கு முகங்கொடுத்துக் கதைக்கிறதில்லை. ரெண்டு கிழமை போச்சு, உப்புப் போகேல்லை. விடிய வெள்ளணக் குடமும் கையுமாய் எருக்கலம்பிட்டிக்கு நடக்குதுகள், அந்த வரிசையில வயிற்றையும் சுமந்துகொண்டு றஞ்சிதமும் போறாள். "இரு பிள்ளை, நான் கொண்டுவாறன்" என்றால், "மாமா, நீங்கள் இனித் தண்ணிப் பக்கம் வராதேங்கோ, அது போதும்" என்கிறாள்.

ஆகையால் நீர் ஒன்றுக்கும் பயப்படாதேயும், அவளைக் கூட்டிப்போக வரவும் வேண்டாம். தண்ணீர் கண்ணாடி. ஒரு புழு பூச்சி கிடையாது, கிடந்தாலும் செத்துப்போம். இப்படிக் கிணறு தீவில் வேறில்லை என்று அக்கரை வங்காலையிலிருந்தெல்லாம் ஆள் வந்து பார்த்துப் போகுது.

மாதாவின் நிழல் உமக்கும், உமது கந்தோருக்கும், பிறக்கப்போகிற சிசுவுக்கும் குடையாயிருப்பதாக.

உமது மாமன்,
சூ. வஸ்தியாம்பிள்ளை
தலைவர், சு. தொ. சங்கம்

பி.கு.: மேலே எழுதினதைப் பொருட்படுத்தாதேயும். நேற்று வழியில றஞ்சிதம் நடக்கமாட்டாமல் குடத்தோட நிலத்தில் குந்திவிட்டாள். உயிருக்கு ஒன்றுமில்லை. முஹைதீன் வண்டியில ஏற்றித் தன்ட வீட்டுக்கே கொண்டுபோயிட்டான். "பிள்ளை பிறக்குமட்டும் இங்கேதான், எங்கட கிணறு நல்ல கிணறு" என்று அவன் பெண்சாதி றஹீமா சொல்லிவிட்டா. நீர் அடுத்த ரயிலில் எருக்கலம்பிட்டிக்கே நேரே வாரும். இங்கே வரவேண்டாம், வந்தால் குடிக்க ஒன்றுமில்லை. இன்று காலை கிணற்றை மண் போட்டு மூடினோம். சங்கத்துக்கு முழு ஊரும் வந்தது இதுதான் முதல்தரம். முதல் கூடை மண்ணைச் சுவாமியாரே போட்டார். என்னைப் பார்த்துக்கொண்டு, உப்பில்லாமல்.