கதவு எண் பதினாலு

அன்றைக்குச் சாக்கடையில் விழுந்தது மூன்றாவது ஆள். முதல் இரண்டு பேரும் சும்மா பராக்குப் பார்த்துக்கொண்டு போனவர்கள். அதனால் மயில்சாமி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது ஆள், மகளுக்குத் தீபாவளிப் பட்டுப்பாவாடை எடுக்க வந்த அம்மாள். அவன் கடைக்குள் வைக்கவேண்டிய காலைச் சாக்கடைக்குள் வைத்து விழுந்து, எழுந்து, சேலையைப் பிழிந்துவிட்டு நேராக எதிர்ச்சாரி ஜவுளிக்கடைக்குப் போய்விட்டாள்.

"ஏனுங்க, இன்னும் எத்தன பேரு உழுந்தா நீங்க எந்திரிப்பீங்க?" என்றாள் அவன் மனைவி சௌந்திரம், கல்லாவுக்குப் பின்னாலிருந்து.

அவள் கேட்பதில் நியாயம் இருந்தது. அவளுடைய பத்துப் பவுன்தான் அந்தக் கடையில் துணியாக மடித்து அடுக்கியிருந்தது. மயில்சாமியின் அப்பா மருதாசலம் இருந்தவரைக்கும் அது புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் விற்ற மாட்டுத்தீவனக் கடை. அவர் காலமான பிறகு, இடத்தை ஏழு தடவை கழுவி, கண்ணாடி அலமாரி வைத்து, ஜவுளிக்கடை ஆக்கியிருந்தான். இந்தத் தீபாவளிக்குச் சரக்குப் போகாவிட்டால் மறுபடியும் புண்ணாக்குதான்.

சாக்கடை வந்த கதை யாருக்கும் தெரியாது. மூன்று வாரத்துக்கு முன்னால் நகராட்சி ஆட்கள் வந்தார்கள். இவன் கடைக்கு முன்னால் மட்டும் இடுப்பளவு வெட்டினார்கள். போய்விட்டார்கள். எங்கிருந்தும் வராமல், எங்கேயும் போகாமல், ஒரே ஒரு கடைக்குச் சாக்கடை வெட்டிய நகராட்சி உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பத்து வருஷமாகத் தேர்தல் இல்லாமல் அதிகாரி கையில் கிடந்த ஊருக்கு அந்த எண்பத்தாறாம் வருஷம்தான் கவுன்சிலர்கள் வந்திருந்தார்கள். பதவியேற்ற அன்றே சேர்மன் மேடையில் மார்தட்டினார். "எங்க காலத்துல ஒரு மனு தூங்காதுங்க! ஒவ்வொரு கதவு எண்ணுக்கும் ஒரு பைலு. வந்த வரிசைப்படி ஒண்ணு உடாம நெறவேத்துவோம்!" மனுக்கள் தூங்கினவோ இல்லையோ, அவர் பேசி முடிப்பதற்குள் நாலு கவுன்சிலர்கள் தூங்கிவிட்டார்கள்.

மயில்சாமி வார்டு கவுன்சிலர் சென்னிமலையைப் போய்ப் பார்த்தான். லாரி புக்கிங் ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்தவர். ஜெயித்ததிலிருந்து கழுத்தில் துண்டை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொள்வதே அவருக்கு முழுநேர வேலை.

"நாலடிக்கு ஒரு கல்லுப் பலகை போதுமுங்க. சாக்கடை மேல போட்டா சனங்க தாண்டி வந்துக்குவாங்க."

"பூ, இவ்வளவுதானா? ஒரு மனுவ எழுதிக் குடுங்க. கதவு எண்ண மறக்காமப் போடுங்க."

"நானே ஒரு பலகையப் போட்டுக்கறனுங்களே?"

"அய்யய்யோ! நகராட்சிச் சாக்கடை மேல கை வெச்சா ஆக்கிரமிப்பாயிருமுங்க. அப்புறம் நாங்க எதுக்கு இருக்கறோம்?"

எதற்கு இருக்கிறார்கள் என்று மயில்சாமியும் யோசித்தான். வீட்டுக்கு வந்து மனுவை எழுதினான். பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே அவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அப்பா கைநாட்டு, அதனால் வீட்டுக் காகிதமெல்லாம் அவன் எழுதியதுதான். கதவு எண் பதினாலு என்று கொட்டை எழுத்தில் போட்டு, அடிக்கோடும் இழுத்தான்.

ஒன்பதாம் நாள் சிமெண்டும் மணலும் வந்து இறங்கின. மயில்சாமிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆட்களுக்கு டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தான். மேஸ்திரி ஒரு நோட்டை நீட்டினார். "கோரிக்கை நெறவேறிச்சுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க." சந்தோஷத்தில் போட்டான்.

சாயங்காலம் எட்டிப் பார்த்தால், சாக்கடைக்கு அந்தப் பக்கம், ரோட்டோரமாக, பத்தடி நீளத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி நின்றது. மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டி.

"மாமா இருந்திருந்தா நெஞ்சு குளுந்து போயிருப்பாரு," என்றாள் சௌந்திரம்.

மயில்சாமி ஓடினான். அப்படி ஒரு தொட்டி கட்டியதே சென்னிமலைக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"ஆமா, நாந்தான் நின்னு கட்டச் சொன்னேன். எப்படி இருக்குது?"

"நான் தொட்டியே கேக்கலீங்களே!"

"மனுவுல இல்லாம எவனாச்சும் கட்டுவானுங்களா? கேட்டதே உங்களுக்கு மறந்து போச்சு. செரி, வெள்ளிக்கெழமை கூட்டத்துக்கு வாங்க. சேர்மன் முன்னாலயே பேசிப்போடலாம்."

வெள்ளிக்கிழமை போனான். இரண்டு மணி நேரம் சேர்மனின் நாற்காலிக்கு மெத்தை வைப்பதா வேண்டாமா என்று விவாதம் நடந்தது. ஊரில் குடிதண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் வந்துகொண்டிருந்தது. மெத்தை ஏகமனதாக நிறைவேறியது. பிறகு ஒருவர் எழுந்து வாசித்தார்: "கடைவீதி, கதவு எண் பதினாலு. கோரிக்கை ரெண்டு. முடிஞ்சுது."

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். மயில்சாமி எழுந்தான்.

"அய்யா, ஒரு விசியமுங்க..."

"பொதுமக்கள் பேசக் கூடாது," என்றார் சேர்மன். "பயனடஞ்சவரு வந்திருக்கறாரு. ஒரு மாலையப் போடுங்க!"

மாலை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். கவுன்சிலர்கள் பக்கோடா தின்றார்கள். கழுத்தில் மாலையோடு மயில்சாமி ரோட்டில் நடந்து வர, எதிர்ச்சாரிக் கடைக்காரர், "ஏனுங்க, எந்தக் கட்சியில சேந்தீங்க?" என்று கேட்டார்.

மறு வாரம் கல் கம்பங்கள் வந்தன. நாலு. கடை வாசலுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு நட்டு, கம்பத்துக்கொரு இரும்பு வளையமும் மாட்டினார்கள். மயில்சாமி கடப்பாரை முன்னால் போய் நின்றான். பயனில்லை. "மேல இருந்து உத்தரவுங்க," என்றார் மேஸ்திரி. மேலே இருந்தவர்களோ மெத்தையில் உட்கார்ந்திருந்தார்கள்.

வியாழக்கிழமை சந்தை. தொட்டியில் தண்ணீர், கட்டிப்போடக் கம்பம், இரண்டையும் பார்த்த வண்டிக்காரர்கள் விடுவார்களா? பதினோரு வண்டி வந்து நின்றது. இருபத்திரண்டு மாடு. அதில் ஒரு மயிலைக்காளை வாசலில் தொங்கிய நைலக்ஸ் சேலையின் முந்தானையைப் பிடித்து, நிதானமாக முக்கால்வாசி தின்றது. சாணி வாசம் கண்ணாடி அலமாரிக்குள் போய்க் குடியேறியது.

"புண்ணாக்கு இருக்குதுங்களா?" என்று ஒரு வண்டிக்காரர் கேட்டார்.

சௌந்திரம் வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட மயில்சாமிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்கே பழைய கதவு ஒன்றைக் கழற்றிச் சாக்கடை மேல் போட்டான். அதுவரை எந்த மனுவுக்கும் ஒன்பது நாள் எடுத்துக்கொண்ட நகராட்சி, ஒன்பதே நிமிஷத்தில் வந்தது. ஆக்கிரமிப்பு என்று கையில் நோட்டீசைத் திணித்து, கதவைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது. பின்னாலேயே சென்னிமலை சைக்கிளில் வந்து, "நான் அப்பவே சொன்னனுங்களே," என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. மயில்சாமி சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் நகராட்சி ஆபீசுக்குள் நுழைந்தான். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். கிளார்க் மேனேஜரோடு போயிருந்தார். சேர்மன் ஆத்தூரில் ஒரு பாராட்டு விழாவுக்குப் போயிருந்தார். அந்த ஆபீசில் உயிரோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அட்டெண்டர் சென்றாயன் ஒருவர்தான். தாழ்வாரத்தில் ஒரு தகர டின்னில் நின்ற புளியங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக எந்தக் காகிதம் எந்த மூலையில் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதனாலேயே அவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

"என்ற மனுவ எடுங்க!" என்று கத்தினான் மயில்சாமி. "கடைவீதி, கதவு எண் பதினாலு! நான் எங்க தொட்டி கேட்டேன், எங்க கம்பம் கேட்டேன்னு எனக்கு இப்பவே காட்டோணும். இல்லீன்னா கோர்ட்டுக்குப் போவேன். இந்த ஆபீசையே சந்தி சிரிக்க வெச்சுப்போடுவேன்!"

"கோவிச்சுக்காதீங்க சாமி, சித்த இருங்க," என்ற சென்றாயன், சொம்பை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து, ஓரமெல்லாம் பூச்சி அரித்துப் பழுப்பேறிய ஒரு பைலை எடுத்துத் தூசியைத் தட்டி அவன் கையில் கொடுத்தார்.

மயில்சாமி பிரித்தான். பார்த்தான். மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தான்.

சென்றாயன் டின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: "உங்க பலகை மனு வரிசைக்கு வர இன்னும் நாளாகுமுங்க, சாக்கடை, தொட்டி, கம்பம் எல்லாமே எழுபத்தி நாலுல உங்கய்யன் மருதாசலம் சொல்லச் சொல்ல நீங்க எழுதிக் குடுத்த மனுவுதானுங்களே, அதுல இந்தப் புளியங்கன்னு ஒண்ணுதானுங்க பாக்கி!"